ஒரு பிடி ஐஸ்

தலைமை ஏற்றிருக்கும் யூனியன் தலைவர் தோழர் திவாகரன் அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் லாசர் சேட்டனே, மஸ்கட்டிலிருந்து வந்திருக்கும் மகன் நெல்சனே, வேலையை நிறுத்திவிட்டு ரப்பர் பூட்ஸோடு வந்து நிற்கும் முனம்பம் துறைமுகத்துத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் சுகதன். ஐஸ் ஃபேக்டரியில் இருபத்தாறு வருடமாக ஐஸ் உடைக்கிறவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. தலைவர்தான் நீ பேசு என்றார். பேசுகிறேன். ஆனால் ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோழர் மெட்டில்டா யார்? இறால் தரம் பிரிக்கும் கொட்டகையின் முதல் கை. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கிலோவுக்கு முப்பது இறால் நிற்குமா நாற்பதா என்று சொன்ன கை. பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தரும்வரை ஒரு இறாலைக்கூடத் தொட மாட்டோம் என்று மூன்று நாள் மடித்துக் கட்டிய கை. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டப் பார்த்த போட் முதலாளியிடம், "இதை உங்க வீட்டுல கறி வெச்சுத் தின்னுட்டு நாளைக்கு நீங்களே நடந்து வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொன்ன வாய். அந்தக் கை எப்படிப் போயிற்று என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரொம்ப நாள் லீவில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர் உள்ளங்கையில் ஒரு பிடி ஐஸ் வைப்போம். நாற்பது எண்ணும்வரை கையை மூடி வைத்திருக்க வேண்டும். கை வேலையை மறக்கவில்லை என்று அதற்குப் பொருள். எண்ணுகிறவன் நான்.

குடலில் ஆபரேஷன் முடிந்து, இரண்டாவது கீமோ ஏறிய நான்காம் நாள் மெட்டில்டா சேச்சி கொட்டகைக்கு வந்தார். சும்மா எல்லோரையும் பார்த்துவிட்டுப் போக வந்தார். கையில் கம்பளி உறை. பெண்கள் விடுவார்களா? "என்ன சேச்சி, கல்யாணப்பெண்ணு மாதிரி கையுறையெல்லாம் போட்டு? லாசர் சேட்டனுக்கு மறுபடியும் கல்யாணமா?" என்று ஒரே சிரிப்பு. சேச்சியும் சிரித்தார். நான் உறையைக் கழற்றி ஐஸை வைத்தேன். எண்ணினேன். பதினைந்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? இன்னும் மெதுவாக எண்ணினேன், தோழர்களே. நாற்பதுவரை அவர் கையைத் திறக்கவில்லை.

மறுவாரம் என்னிடம் வந்து சொன்னார். "சுகதா, அந்த மருந்து ஏறினா குளிர் குளிரா இருக்காதுடா. கரண்ட் கம்பியைப் பிடிச்ச மாதிரி இருக்கும்." நான் பதறிப்போய், "அப்போ ஏன் சேச்சி கையை மூடினீங்க?" என்றேன். "எல்லாரும் சந்தோஷமா எண்ணிட்டிருந்தீங்களே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் போன இடமெல்லாம் குளிர்தான் எதிரி. பச்சைத் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்றுவிட்டதுபோல் ஆகும். ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது. காலைக் கடல்காற்றுக்கு மூக்கையும் வாயையும் துணியால் சுற்றிக்கொள்வார். வாயெல்லாம் புண். மீன்குழம்பை வைத்தால் ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்பார். இந்தத் துறைமுகத்தில் அவருக்குச் சூடாக இருந்த ஒரே இடம் எது தெரியுமா? ஐஸ் ஃபேக்டரி. என் கம்ப்ரசர் அறை. சூட்டுக்குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஃபிளாஸ்க்கில் சுக்குவெள்ளத்தோடு, அதுதான் சுக்குத் தட்டிப் போட்ட வெந்நீர், மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். "ஊருக்கெல்லாம் குளிர், எனக்கு மட்டும் சூடா? நல்ல முதலாளிடா நீ" என்று கிண்டல் செய்வார்.

ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார்: விரல் மரத்துப்போகிறதா, பட்டன் போட முடிகிறதா? சேச்சி, ஒன்றுமில்லை என்பார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். எட்டாவது தடவை கையெழுத்துப் போடக் கொடுத்த பேனா விரலிலிருந்து நழுவி விழுந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேனேம்மா" என்றாராம் டாக்டர். அதற்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பிறகு அவற்றுக்கு உணர்வு திரும்பவே இல்லை. ஒருநாள் ஒரு இறாலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது முப்பதா நாற்பதா, நீயே சொல்லுடா" என்றார். அடுத்த ஸ்கேனில் நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது.

கடைசியாக வந்த அன்று என்னிடம் ஒன்று கேட்டார். "சுகதா, நான் போனா என்னை அந்தக் கண்ணாடி ஐஸ் பெட்டில வைக்க விடாதே. அன்னிக்கே மண்ணுல இறக்கிடச் சொல்லு. குளிரைப் பட்டது போதும்." சரி சேச்சி என்றேன். கையில் அடித்துச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை போனார். நெல்சன் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "அம்மா முகத்தை ஒரு தடவை பாக்கணும்" என்று போனில் அழுதான். நெல்சன், இது உன் தப்பு இல்லை மோனே. உனக்கு அவர் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார். பெட்டி வந்தது. சுவிட்சைப் போட்டால் சரியாகக் குளிரவில்லை. லாசர் சேட்டன் என்னைத் தேடி வந்தார். "உனக்குத்தான் மெஷின் தெரியும் சுகதா, கொஞ்சம் பாரு" என்றார்.

பார்த்தேன். சேச்சி கேட்டதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு வயர் தளர்ந்திருந்தது. நானே முறுக்கினேன். நானே குளிர வைத்தேன். கண்ணாடிக்குள் அவர் கையில் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள், கல்யாணப்பெண்ணுக்குப் போடுகிற மெல்லிய வலை. அது எந்தக் குளிரைத் தாங்கும்?

வாக்குத் தவறியவன் இங்கே நின்று என்ன உறுதிமொழி கொடுப்பது? ஆனாலும் அவர் பெயரில் இரண்டு சொல்கிறேன். இனி இந்தத் துறைமுகத்தில் திரும்பி வருகிற யார் கையிலும் ஐஸ் வைக்க மாட்டோம். கம்ப்ரசர் அறையில் அந்த ஸ்டூல் அங்கேயே இருக்கும், ஃபிளாஸ்க்கில் சுக்குவெள்ளம் இருக்கும். அடுத்து வரப்போகிறவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். வலித்தால் சொல்லுங்கள், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள்.

மெட்டில்டா சேச்சி, கையைத் திறந்துடுங்க. நான் எண்ணுறதை நிறுத்திட்டேன்.