களத்தின் ஓரத்தில் வெள்ளை பூட்ஸ்

கொடுக்கவில்லைங்க. அந்த வேலைநீக்க உத்தரவை நான் கொடுக்கவே இல்லை.

மைக் முன்னால் வந்து நிற்கும் முன்பே முன்வரிசையில் ஓர் அக்கா கேட்டுவிட்டார். கேட்ட கேள்விக்கு முதலில் பதில். வணக்கம் அதற்குப் பிறகு. இந்த மலையில் நான் கற்ற ஒழுங்கு இது.

தன் தோட்டத்து மிளகைப் போலவே காரமும் மணமும் குறையாமல் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் விவசாயி காளியண்ணன் ஐயா அவர்களே! கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கியும் தலை சுற்றாமல், நம் மிளகு நிலையத்தை நடத்திவரும் ஜெய்லானி பாய் அவர்களே! ராட்டர்டாமிலிருந்து வந்து, இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரப் பழகிவிட்ட ஆய்வாளர் யோஹான் அவர்களே! அரியூர் நாட்டு மலைக் கிராமங்களின் பெரியோர்களே! அடிவாரத்துக் காரவள்ளியில் முதல் பஸ் பிடித்து வந்த என் சகோதரிகளே! வெயில் ஏறும் முன்பே களத்தில் ஏறிவிடும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் ஸலாம்.

நான் இர்ஃபானா. இந்த நிலையத்தின் மனிதவள அலுவலர்.

வேலையில் சேர்ந்த அன்று களத்தின் மேஸ்திரி பாவாயக்கா கேட்டார். "அப்படீன்னா என்ன வேலை கண்ணு?" ஆட்களைச் சேர்ப்பது, பழக்குவது, விடுப்பு கொடுப்பது, குறை கேட்பது, சண்டை தீர்ப்பது என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "அட, ஊட்டுல மூத்த மருமவ பாக்குற வேலை."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு படித்தும் இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அங்கே ஒரு பாடம் இருந்தது. பன்முகத்தன்மை. பல நாடு, பல மொழி, பல மதம், பல பழக்கம். எல்லோரையும் ஒரே நிறுவனத்தில் எப்படி நடத்துவது? தேர்வில் நன்றாகவே எழுதினேன். சமமாக நடத்து என்று எழுதினேன். மதிப்போடு நடத்து என்று எழுதினேன். அந்தப் பாடத்தில் சொற்கள் இருந்தன. கால்கள் இல்லை.

இங்கே கால்கள் இருந்தன.

வெளியூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். மலைத் தோட்டங்களின் மிளகு நம் களத்தில் காய்கிறது. களத்து வேலையில் இருப்பவர்கள் மலைப் பெண்கள். சலித்து, பிரித்து, மூட்டை கட்டுபவர்கள் அடிவாரத்து முஸ்லிம் பெண்கள். மூட்டை போய்ச் சேர்வது ராட்டர்டாம். அங்கே இருப்பது நம் கூட்டாளி நிறுவனத்தின் தலைமை அலுவலகம். அதே நிறுவனத்துக்கு வியட்நாமிலும் நம்மைப்போல ஒரு நிலையம். இத்தனை ஊர், இத்தனை பேச்சு, இத்தனை சாமி. நடுவில் ஒரு மிளகு.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து மூன்றில், ராட்டர்டாமிலிருந்து பெட்டிகள் வந்தன. உள்ளே வெள்ளை ரப்பர் பூட்ஸ். ஆளுக்கு ஒரு ஜோடி. கூடவே ஒரு வரி: எல்லோரும் அணிய வேண்டும்.

எங்கே என்று இல்லை. ஏன் என்று இல்லை. எழுதியவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம்.

பெண்கள் அணிந்தார்கள். மகிழ்ச்சியாக அணிந்தார்கள். வீட்டு வாசலில் அணிந்து, வரப்பில் நடந்து, ரோட்டில் நடந்து, களத்தின் ஓரத்துக்கு வந்ததும் கழற்றினார்கள். ஜோடி ஜோடியாக அடுக்கினார்கள். வெறுங்காலோடு உள்ளே போனார்கள்.

யோஹான் வந்தது அந்த வாரத்தில். களத்தின் ஓரத்தில் சேறு படிந்த வெள்ளை பூட்ஸ் வரிசை. களத்துக்குள்ளே மிளகைக் கிளறிக்கொண்டு வெறுங்கால்கள். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கொடுத்ததை மறுத்ததாக, கேலி செய்ததாக அவருக்குத் தோன்றியது. பார்த்ததைப் பார்த்தபடி தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார். அது அவர் வேலை. அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை.

மாலையில் அந்தத் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. களத்துக்குப் பொறுப்பு யார்? பாவாயி. அவரை நீக்கிவிடுங்கள். நாளை ஆய்வாளர் கிளம்புவதற்குள். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும்.

பாவாயக்காவின் மகள் பூங்குழலி அப்போது நாமக்கல்லில் கல்லூரி முதலாண்டு. விடுதியும் படிப்பும் அக்காவின் இந்தக் கூலியில்தான். எனக்குத் தெரியும். போனில் பேசியவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? ஆனால் கேட்டிருக்கலாமே?

"காரணம் கேட்காமல் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

"அப்படியானால் உங்கள் இடத்துக்கும் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்றது குரல். கோபம் இல்லாத குரல். அதனால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை களத்துக்குப் போனேன். ஜெய்லானி பாய் வந்தார். யோஹான் வந்தார். அக்காவை அழைத்தேன்.

"ஏனுங்கக்கா, பூட்ஸை எதுக்குக் கழட்டி வெக்கறீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"பின்ன? போட்டுட்டா உள்ள வாரது? களமுங்க சாமி இது. வாயில வெக்கற பொருளு காயற எடம். என்ற ஊட்டுக்காரரே வந்தாலும் செருப்பக் கழட்டிட்டுத்தான் வாரணும்."

"அப்போ பூட்ஸ் எதுக்குக் குடுத்தாங்கன்னு நெனச்சீங்க?"

"ரோட்டுக்குத்தான். கல்லு, முள்ளு, மழைக்காலத்துல அட்டை. இவளுங்க காலு நோவுமேன்னு அந்தச் சீமைக்காரரு எரக்கப்பட்டுக் குடுத்தாருன்னு நெனச்சோம். புண்ணியவான்னு சொல்லிட்டே போட்டோமுங்க. சந்தைக்குக்கூட போட்டுட்டுப் போனேன்."

மூட்டைப் பக்கம் இருந்து நஸீம் பானு குரல் கொடுத்தாள். "சந்தைக்கு மட்டுமா? வளைகாப்புக்குப் போட்டுட்டுப் போனதையும் சொல்லுங்கக்கா! பட்டுச் சேலை, வெள்ளை பூட்ஸு!"

"அடி போடி, உனக்குப் பொறாமை!"

களமே சிரித்தது. இப்போது நீங்கள் சிரிப்பதைப்போல. யோஹான் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு மொழி தெரியாது. நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். வளைகாப்பு வரைக்கும் சொன்னேன். அவர் முகம் மாறியது. மெல்லச் சொன்னார்: உண்ணும் பொருளில் காலின் அழுக்கு படக்கூடாது. அதற்காகத்தான் கொடுத்தோம்.

அதைத் தமிழில் சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள் தாய்மார்களே! பூட்ஸைப் போடச் சொன்னது எதற்காக? உண்ணும் பொருளின் மேல் அழுக்கு படக்கூடாது என்பதற்காக. பூட்ஸைக் கழற்றி வைத்தது எதற்காக? உண்ணும் பொருளின் மேல் அழுக்கு படக்கூடாது என்பதற்காக. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கவனம். கடலுக்கு இந்தப் பக்கம் அதே கவனம். ஒரே மதிப்பு. ஒரே மிளகு. அதற்காக ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்தது!

கீழ்ப்படியாமை என்று நாம் எழுதிவைப்பதில் எத்தனை, வேறொரு மரியாதையாக இருக்கும்? ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா?

நஸீம் பானு மறுபடியும் வாய் திறந்தாள். அவள் வாய் திறக்காத நாள் உண்டா? ... இல்லை என்கிறார்கள். சரி. அவள் சொன்னாள்: "எல்லாம் சரிங்க மேடம். இவங்க வெறுங்காலு அழுக்கு. ரோட்டுல நடந்து வந்த ஷூவோட இவரு நட்ட நடுக் களத்துல நிக்கறாரே, அது?"

எல்லோரும் கீழே பார்த்தோம். யோஹானின் கறுப்பு ஷூ. காய்ந்த செம்மண். சுற்றிலும் மிளகு. வந்த நாள் முதல் அப்படித்தான் நடந்திருக்கிறார். விருந்தாளியாயிற்றே என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

மொழிபெயர்த்தேன். தயங்கித்தான் மொழிபெயர்த்தேன்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மன்னிப்புக் கேட்டார். குனிந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். வெயில் ஏறிய சிமென்ட்டில் கால் வைத்ததும் குதித்தார் பாருங்கள்! "பாத்துங்க சாமி, நெழலுக்கு வாங்க, நெழலுக்கு வாங்க" என்று பாவாயக்காதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். யாரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்ததோ, அவர். அவருக்கு அப்போது அது தெரியாது.

அங்கேயே நான் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. "அக்கா, உங்களை நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

சிரிப்பு நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எம் புள்ள படிச்சுட்டு இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான்.

மிளகு மூட்டையோடு வந்திருந்த காளியண்ணன் ஐயா களத்தின் ஓரத்தில் நின்றார். "பாவாயியை அனுப்பினா என்ற மொளகு இங்க எறங்காதுங்க" என்றார். நிம்மதியாக மூச்சு விட்டேன். உடனே அடுத்தது சொன்னார்: "அந்த பூட்ஸு களத்துக்குள்ள வந்தாலும் எறங்காது."

ஐயா தலையாட்டுகிறார். ஆமாங்க ஐயா, அன்று நீங்கள் எனக்கு ஒரு வழியைத் திறந்து, அதே கையால் மூடினீர்கள்.

வியட்நாம் நிலையத்துக்குப் போன் போட்டேன். அங்கே என் வேலையைப் பார்ப்பவர் லான். நேரில் பார்த்ததில்லை. என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்திக்கும். கதையைக் கேட்டுச் சிரித்தார். தங்கள் ஊரிலும் வீட்டுக்குள் செருப்போடு போகமாட்டோம் என்றார். அவர்களுக்கும் இதே சிக்கல் வந்ததாம். உலர்த்தும் கூடத்தின் வாசலில் ஒரு மரப்பலகை வைத்தார்களாம். உள்ளே போடும் பூட்ஸ் அந்தப் பலகையைத் தாண்டி வெளியே போகாது. வெளிச்செருப்பு உள்ளே வராது.

திரும்பி வந்து சொன்னேன். இந்த முறை உத்தரவாகச் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டேன். செய்யலாமா?

பெண்கள் கூடிப் பேசினார்கள். வேண்டாம் என்றும் சிலர் சொன்னார்கள். கடைசியில் பாவாயக்கா சொன்னார்: "வெளி மண்ணையே மிதிக்காததுன்னா அதுல என்னங்க தீட்டு? காலுக்குக் கட்டுன துணி மாதிரிதானே? ஆனா ஒண்ணு. மொதலாளி வந்தாலும், சீமைக்காரரு வந்தாலும், கலெக்டரே வந்தாலும் அதுதான் முறை."

ஜெய்லானி பாய் அங்கேயே தன் செருப்பைக் கழற்றினார். காளியண்ணன் ஐயா பார்த்தார். "எல்லாருக்கும்னா சரிங்க" என்றார். மூட்டை இறங்கியது.

யோஹான் அலுவலக அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நெடுநேரம் போனில் பேசினார். நாங்கள் வெளியே நின்றோம். யாரும் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்து ஒரே வரி சொன்னார். பாவாயி இருக்கிறார், விதிதான் மாறுகிறது.

அவையோரே! மனிதவளம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இன்று நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். விதி போடு, அதற்கு முன் காரணம் சொல். காரணம் சொல், அதற்கு முன் காது கொடு. அழுக்கு எல்லோர் காலிலும் உண்டு என்றால், விதியும் எல்லோர் காலுக்கும் வேண்டும். வேறுபாட்டை அழித்து வருவதா ஒற்றுமை? வேறுபட்டவர்கள் ஒரே வாசலில், ஒரே மாதிரி குனிந்து, கழற்றி, மாற்றி, உள்ளே போவதல்லவா ஒற்றுமை!

இனி நன்றி. நன்றி சொல்லத்தான் வந்தேன், கதை சொல்லி நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

தவறான கேள்வியைத் தக்க நேரத்தில் கேட்ட நஸீம் பானுவுக்கு நன்றி. சரியான கேள்விதான் என்கிறாளா? சரி, சரியான கேள்வி! சுட்ட காலோடு நின்று கேட்டுக்கொண்ட யோஹானுக்கு நன்றி. முகம் அறியாத லானுக்கு நன்றி. முதலாளியாக இருந்தும் முதலில் கழற்றிய பாய்க்கு நன்றி. மறுக்கவும் ஒப்பவும் தெரிந்த ஐயாவுக்கு நன்றி. குறை சொன்னவரை நிழலுக்கு அழைத்துப் போன பாவாயக்காவுக்கு நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல் என்னிடம் இல்லை. என் வேலையும் அன்று உங்கள் கையில்தான் இருந்தது. நீங்கள் அதை அறியாமலே காப்பாற்றினீர்கள்.

இந்த மலைமீதும், இங்கே உழைக்கும் எல்லோர்மீதும் அமைதி நிலவட்டும். வணக்கம்.

பேசி முடித்த இர்ஃபானா கீழே இறங்கி, விழா விருந்தின் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தார்.