சமையலறைக் கதவை உடைத்து வந்தவர்

பெயர்: லியோனா ஹுடாக். வயது: 68. கணவர் பெயர்: ரேமண்ட் ஹுடாக். விலாசம்: மில் சாலை, பிரையர் பெண்ட், டென்னசி மாநிலம். மேற்படி வீட்டுக்கு இப்போது கூரை இல்லாததால் தற்சமயம் தேவாலயக் கூடத்தில் தங்கியிருக்கிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

கணவருக்கு எதிராகப் பேசும்படி மனைவியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதைத் இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் காவல் அதிகாரி, துணை ஷெரிஃப் கார்லா பீஸ்லி எனக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் பேசுகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை; ஆசைதான் காட்டினார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். என் கணவர் சுட்டதில் காயப்பட்ட டெல்பர்ட் நன்லி, மெம்ஃபிஸ் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு பேச முடியாமல் கிடக்கிறார். கதவை உடைத்து வருவது டெல்பர்ட் என்று தெரிந்து என் கணவர் சுட்டாரா, யாரோ திருடன் என்று நினைத்துச் சுட்டாரா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

நாங்கள் வடக்கே இருக்கும் கிளீவ்லேண்டிலிருந்து இந்த ஊருக்கு வந்தது, ஓய்வு பெற்றவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்த அரசாங்கம் நடத்தும் திட்டத்தின் மூலமாக. இங்கே இருந்த மில் மூடியதும் இளவட்டங்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. பென்ஷன்காரர்கள் என்றால் மாதம் தவறாமல் பணம் வரும், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பு சொல்ல முடியாது. எங்களைப் போன்ற கிழங்களை ஒரு பஸ் நிறைய ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டியவர் மேயர் ட்ரூடி ஸ்டிக்ளர். பொரித்த கெளுத்தி மீன் விருந்து நடந்துகொண்டிருந்தபோது சைரன் ஊதியது. என் கையிலிருந்து முள்கரண்டி கீழே விழுந்தது. மேயர் சிரித்துக்கொண்டே, "அட, பயப்படாதீங்க! சூறாவளி வந்தா ஊதுற சைரன், வேலை செய்யுதான்னு சனிக்கிழமை மத்தியானம் ஊதிப் பாப்போம். தட்டை விட்டு யாரும் எந்திரிக்க வேணாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த வாரமே வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம்.

வானம் கறுத்திருந்தால் சோதனைக்கு ஊத மாட்டார்கள், அப்போது ஊதினால் நிஜமாகவே சூறாவளி வருகிறது என்று அர்த்தம். இது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சூறாவளிப் பேச்சை எடுத்தால் வீடு விலை போகுமா?

புதிதாக வருகிறவர்களுக்கு ஊர்க்காரர் ஒருவரைத் துணையாக அமர்த்துவது திட்டத்தின் ஏற்பாடு. எங்களுக்குத் துணை, பக்கத்து வீட்டு டெல்பர்ட். எங்கள் வயதுதான், மில்லில் வேலை பார்த்தவர். இந்த ஊரில் வாசல் கதவு என்பது பாதிரியாருக்கும் பிணத்துக்கும்தான். மற்றவர்கள் பின்பக்கம் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், தட்டுகிற பழக்கம் கிடையாது. ஒரு நாள் என் கணவர் உள்சட்டையோடு நிற்கும்போது டெல்பர்ட் தக்காளிக் கூடையோடு உள்ளே வந்துவிட்டார். என் கணவர், "இது என்ன வீடா, சந்தையா? தட்டத் தெரியாதா?" என்று கத்தினார். டெல்பர்ட் அசரவில்லை. "உள்ள என்ன பொன்னா காய்ச்சுறீங்க, ரே அண்ணே? உங்கள உள்சட்டையோட பாத்து நான்தான்யா பயந்து போயிட்டேன்" என்றார்.

அதன் பிறகு என் கணவர் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார். அதன் பிறகு டெல்பர்ட் வந்தால் வெளியே நின்று, "நன்லி வந்திருக்கேன்! கையில தக்காளிதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவார். அது கேலி என்று எனக்குத் தெரியும், மரியாதையும்தான். என் கணவருக்குக் கேலி மட்டும்தான் கேட்டது. நாற்பது வருடம் கிளீவ்லேண்டில் துப்பாக்கி இல்லாமல் வாழ்ந்த மனிதர், நிம்மதியான ஊர் என்று இங்கே வந்த பிறகு ஒன்று வாங்கி ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். இந்த ஊரின் அமைதி அவரைப் பிடித்து ஆட்டியது. நாய் குரைத்தாலும் எழுந்துபோய் ஜன்னலைப் பார்ப்பார். என்னையும் கதவைத் திறக்க விடமாட்டார். அவருடைய பயம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் தொற்றியது. அவர் எப்போது கையை ரொட்டிப் பெட்டிப் பக்கம் நீட்டுவாரோ என்று நான் பயந்தேன்.

சம்பவ நாள் சனிக்கிழமை. காலையிலிருந்து புழுக்கம், காற்றே இல்லை. மத்தியானம் நான் சூப் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் பச்சையாக மாறி, அடுப்படி இருண்டது. சைரன் ஊதியது. என் கணவர் நாற்காலியை விட்டு எழாமல், "மணி பன்னெண்டு ஆச்சு போல. கிண்ணத்தை எடு" என்றார். நானும் எடுத்தேன். ஆனால் சைரன் நிற்கவில்லை. கரண்ட் போனது. அதன் பிறகு யாரோ ஓடி வரும் சத்தமும், கதவில் இரண்டு கையாலும் அடிக்கும் சத்தமும் கேட்டன. நான் தாழ்ப்பாளைத் திறக்க எழுந்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டு ரொட்டிப் பெட்டியை நகர்த்தினார். இந்த இடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சைக் கடைசியில் சொல்ல அனுமதி கேட்டேன், அதிகாரி சரி என்றார்.

அதன் பிறகு கதவிலிருந்த கண்ணாடி உடைந்தது. ஒரு கை உள்ளே வந்து மேல் தாழ்ப்பாளையும், துழாவிக் கீழ்த் தாழ்ப்பாளையும் விலக்கியது. கதவு திறந்தது. என் கணவர் ஒரு தரம் சுட்டார். டெல்பர்ட் அடுப்புப் பக்கமாக விழுந்தார். அவர் கையில் எதுவும் இல்லை. "எங்க வீட்டுக் குழிக்கு ஓடுங்க, லியோனாக்கா" என்று சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் தோட்டத்தில் சூறாவளிக்குப் பதுங்க ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். அவரை விட்டுவிட்டு ஓட எனக்குக் கால் வரவில்லை. பாத்திரம் துடைக்கும் துணியை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். அதற்குள் சரக்கு ரயில் வீட்டுக்குள் புகுந்த மாதிரி இரைச்சல் வந்தது. என் கணவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு எங்கள் இருவர் மேலும் குப்புறப் படுத்துக்கொண்டார். கூரை போனது. மரச்சட்டம் ஒன்று அவர் முதுகில் விழுந்து இரண்டு விலா எலும்பு ஒடிந்தது. அவர் நகரவில்லை. சுட்டதைப் போலவே இதையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காற்று போன பிறகு, மழையில் நனைந்துகொண்டே, என் கணவர் என் காதருகில் வந்து, "அவன் குரலே குடுக்கல. புரியுதா? குரலே குடுக்கல, லியோனா" என்றார். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் டெல்பர்ட்டின் மனைவி ஐவா ஜீன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டு வெள்ளித் தேக்கரண்டிக்கு ஆசைப்பட்டுத்தான் அவர் கணவர் புகுந்தார் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் வெள்ளியே கிடையாது. அவர் என்னைத் திட்டவில்லை. "சைரன் ஊதினதும் குழிக்குள்ள எறங்கி மூடியப் போடப் போனோம். 'அந்த வடக்கத்தி ரெண்டும் சோதனைன்னு நெனச்சு சூப் குடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும்'னு சொல்லிட்டு ஏறி ஓடினாரு. நான் சட்டையப் புடிச்சு இழுத்தேன், ஆளு நிக்கல" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன் பிறகு மேயர் வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, அடுத்த மாசம் வீடு பாக்க புது ஆளுங்கள ஏத்திக்கிட்டு பஸ் வருது. சைரன் பேச்சு பத்திரிகையில வந்துச்சுன்னா ஊர் படுத்துடும். இருட்டுல ஒரு ஆள் கதவை ஒடச்சான், பெரியவர் பயந்துட்டார், அவ்வளவுதானே? கூரைய ஊர்ச் செலவுலயே போட்டுத் தரேன்" என்றார். "டெல்பர்ட் திருடனா?" என்று கேட்டேன். "நான் அப்படிச் சொல்லலையே" என்றார். நீங்கள் எதையுமே சொல்லாததால்தான் நாங்கள் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல நினைத்தேன். பயத்தில் சொல்லாமல் விட்டேன். வீடு இல்லை, கணவர் காவலில், இந்த ஊரில் இருந்த ஒரே துணை குழாயோடு கிடக்கிறார். இந்த வயதில் யார் கதவைப் போய் நான் தட்டுவேன்?

இனி நான் தள்ளிப்போட்டதைச் சொல்கிறேன். கதவை அடித்தவர் வாய் மூடிக்கொண்டு அடிக்கவில்லை. "நன்லி வந்திருக்கேன்! நிஜமாவே வருது! கதவத் தொறங்க!" என்று கத்தினார். சைரனையும் மீறி எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் என் கணவர் தோளைப் பிடித்து, "ரே, அது டெல்பர்ட். டெல்பர்ட்டுங்க" என்றேன். அவர் கதவைப் பார்த்தபடியே, "யாரா இருந்தா என்ன? கதவ ஒடைக்கிறான்ல" என்றார். அதன் பிறகுதான் கண்ணாடி உடைந்தது.

அவர் குரலில் கோபம் இல்லை. காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வந்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டும்போது நானும் அந்த அறையில் இருக்க அனுமதி வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் அவர் இதை முதலில் கேட்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை. கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது, அது என்னுடையதுதான்.

(ஒப்பம்) லியோனா ஹுடாக்

என் முன்னிலையில்: கார்லா பீஸ்லி, துணை ஷெரிஃப்