பாலத்துக்கு அப்புறம் மூணாவது ஓடை

சர்வேயர்: சரி, சிரிக்காம சொல்லு. நாலாவது கொடியை எப்படிக் கண்டுபிடிச்ச?

நர்ஸ்: காலால நடந்து, கண்ணால பாத்து.

சர்வேயர்: இந்த நக்கல்தானே வேண்டாம்ங்கறது.

நர்ஸ்: ஏங்க, அந்த பெஞ்சுல உக்காராதீங்க. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க உக்கார்ற பெஞ்சு. முட்டி மாட்டிக்கிச்சுன்னா பெஞ்சோடதான் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

சர்வேயர்: பேச்சை மாத்தாத.

நர்ஸ்: எங்க மாத்தினேன்? ஷூவுல ஒட்டின சேத்தைச் சுரண்டிக்கிட்டிருக்கேன். ஏதோ பெரிய மனசு பண்ணி ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடத்தை நமக்கு விட்டிருக்காங்க. நாளைக்குப் பிள்ளைங்க வந்து வழுக்கி விழுந்தா...

சர்வேயர்: மத்தவங்க எல்லாம் அந்தக் காட்டுல செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வந்தாங்க. பாதிப் பேர் வெறுங்கையோட திரும்பிட்டாங்க. நீ மட்டும் போன, எடுத்த, வந்துட்ட. அதான் எப்படின்னு...

நர்ஸ்: முதல்ல ஒரு சபாஷ் சொல்லுங்க. பொண்டாட்டி ஜெயிச்சிருக்கா! அது வாயில வரல, எப்படி எப்படின்னு போலீஸ் மாதிரி...

சர்வேயர்: சபாஷ். எப்படி?

நர்ஸ்: நல்லா இருக்குங்க உங்க சபாஷ். இதுக்குத் திட்டே வாங்கிக்கலாம்.

சர்வேயர்: ஏய், நெஜமாவே சந்தோஷம்தான். எனக்கு இருக்காதா?

நர்ஸ்: இருக்கணும். ஒரு வருஷம் கணுக்கால் பிசகிச்சு. அடுத்த வருஷம் காம்பஸ் கண்ணாடி உடைஞ்சுது. போன வருஷம் மூச்சு விடுற நேரத்துல கோட்டை விட்டேன். மாவட்ட அணியில இடம்னா என் மூக்கு நுனி வரைக்கும் வரும், அப்படியே திரும்பிப் போயிடும். இந்தத் தடவை ஒரே ஒரு இடம்தான் காலி. முதல்ல வர்றவங்களுக்குன்னாங்க. வந்துட்டேன்! வார்டுல எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன்.

சர்வேயர்: அதுக்குள்ளயா?

நர்ஸ்: பின்ன? பெரிய டாக்டர் கேக்கறார், "பாதையே இல்லாத காட்டுல அது என்ன ஓட்டம் சிஸ்டர்?"னு. மேப்பும் காம்பஸும் குடுத்துக் காட்டுக்குள்ள விட்டுடுவாங்க டாக்டர், அங்கங்க ஒளிச்சு வெச்ச கொடியை வரிசை மாறாம தேடணும், கொடிக்குப் பக்கத்துல தொங்குற பஞ்சிங் மெஷினால அட்டையில ஓட்டை போடணும், எல்லாத்தையும் முடிச்சு முதல்ல வர்றவங்க ஜெயிச்சாங்கன்னேன். "கொடியை யார் ஒளிச்சு வெப்பாங்க?"ன்னார். என் வீட்டுக்காரர்தான்னேன்.

சர்வேயர்: அதை ஏன் சொன்ன?

நர்ஸ்: ஏன், இந்த வருஷம் நீங்கதானே வெச்சீங்க?

சர்வேயர்: அதான் வம்பே. பக்கத்து ரூம்ல சத்தம் கேக்குதா?

நர்ஸ்: பசி. பரிசும் குடுக்காம பந்தியும் போடாம உக்கார வெச்சா கத்தத்தான் செய்வாங்க.

சர்வேயர்: பசி இல்ல, புகார். "புருஷன் வெச்ச கொடியைப் பொண்டாட்டி எடுத்துட்டா. வீட்டுலயே சொல்லிக் குடுத்திருக்கார்"னு.

நர்ஸ்: யாரு அப்படிச் சொன்னது?

சர்வேயர்: யாரு சொல்லல?

நர்ஸ்: நீங்களா எனக்குச் சொன்னீங்க? மேப்பை அலமாரியில வெச்சுப் பூட்டி, சாவியைத் தலகாணிக்கு அடியில வெச்சுத் தூங்கின மனுஷன்! தூக்கத்துல உளறிடுவேனோன்னு ஹால்ல போய்ப் படுத்துக்கிட்டீங்க. ஏதோ நான் எதிரி நாட்டு ஒற்றன் மாதிரி.

சர்வேயர்: அது எனக்கும் உனக்கும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனாலதான் கேக்கறேன். நீ எப்படிப் போன?

நர்ஸ்: மேப்ல போட்டிருந்த இடத்துக்குப் போனேன். கொடி இருந்துச்சு. ஓட்டை போட்டேன். ஓடி வந்தேன்.

சர்வேயர்: அங்கயே இருந்துச்சா?

நர்ஸ்: வேற எங்க இருக்கும்? நீங்கதானே நட்டீங்க.

சர்வேயர்: ஆமா... நான்தான் நட்டேன்.

நர்ஸ்: அப்புறம் என்ன சந்தேகம்?

சர்வேயர்: சந்தேகம் எல்லாம் இல்ல. சும்மா... ஒரு ஆர்வம்.

நர்ஸ்: அப்பா! நான் முடியைப் பாதியா வெட்டிக்கிட்டு வந்து நின்னப்பகூட கவனிக்காத ஆளுக்கு இன்னிக்கு என்னா ஆர்வம்!

நடுவர்: உள்ள வரலாமா?

நர்ஸ்: வாங்க நடுவர் சார். உக்காருங்க... இல்ல, உக்காராதீங்க. நாற்காலி ஒண்ணுகூட இல்ல.

நடுவர்: இருக்கட்டும் சிஸ்டர். இந்த பெஞ்சுல உக்காந்தா என்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். சர்வேயர், அந்தப் பையில என்ன?

சர்வேயர்: கொடிங்க சார்.

நடுவர்: எல்லாமுமா?

சர்வேயர்: எல்லாமும்.

நடுவர்: புகார் குடுக்கற நேரமே இன்னும் முடியல. அதுக்குள்ள ஏன் பிடுங்கிட்டு வந்தீங்க?

சர்வேயர்: மழை வர்ற மாதிரி இருந்துச்சு சார்.

நடுவர்: மழையா? வெயில் மண்டையைப் பொளக்குது.

நர்ஸ்: அவர் எப்பவும் முன்ஜாக்கிரதை சார். குடை இல்லாம கல்யாணத்துக்குக்கூட வரமாட்டார்.

நடுவர்: அது சரி. சிஸ்டர், உங்களையும் ஒண்ணு கேக்கணும். நாலாவது கொடியை...

நர்ஸ்: எப்படிக் கண்டுபிடிச்சேன்? சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது சார்.

நடுவர்: சொல்ல வேண்டாம், காட்டுங்க போதும். வழி பதியற வாட்சை எல்லாம் காலையிலேயே வாங்கி வெச்சுட்டேன், இல்லேன்னா அதுவே சொல்லியிருக்கும். இந்தாங்க, ஆளுக்கு ஒரு புது மேப், ஆளுக்கு ஒரு பென்சில். சர்வேயர், நீங்க அந்தச் சுவரைப் பாத்துத் திரும்புங்க. சிஸ்டர், நீங்க இந்தச் சுவர்.

நர்ஸ்: பரீட்சையா சார்?

நடுவர்: பள்ளிக்கூடத்துல வேற என்ன வெப்பாங்க? சர்வேயர், நீங்க நாலாவது கொடியை நட்ட இடத்துல ஒரு புள்ளி வைங்க. சிஸ்டர், நீங்க கொடியைப் பாத்த இடத்துல ஒரு புள்ளி.

சர்வேயர்: சார், இது கொஞ்சம்...

நடுவர்: பேசக்கூடாது.

சர்வேயர்: க்கும்... க்கும்.

நடுவர்: இருமவும் கூடாது சர்வேயர்.

சர்வேயர்: நெஜமாவே இருமல் சார்.

நடுவர்: போட்டாச்சா? குடுங்க இப்படி. ...அடடே!

நர்ஸ்: என்ன சார்?

நடுவர்: இவர் பாலத்துக்கு அப்புறம் மூணாவது ஓடை. நீங்களும் பாலத்துக்கு அப்புறம் மூணாவது ஓடை. ரெண்டு பேரும் அந்தப் பாறைக்கு மேக்கால. ஒரே கை வெச்ச மாதிரி இருக்கு.

சர்வேயர்: மேப்லயும் வட்டம் அங்கதானே சார் போட்டிருக்கு?

நடுவர்: அங்கதான். மூணும் ஒத்துப் போகுது.

சர்வேயர்: அப்ப புகார் தள்ளுபடியா?

நர்ஸ்: பரிசைக் குடுத்துட்டா எல்லாரும் சாப்பிடப் போகலாமே சார்.

நடுவர்: போகலாம். டீச்சரோட மூக்குக்கண்ணாடி ஒண்ணுதான் இடிக்குது.

நர்ஸ்: மூக்குக்கண்ணாடியா?

நடுவர்: ரெண்டாவதா வந்தாங்களே, கணக்கு டீச்சர். ரொம்ப நேரம் தேடியும் நாலாவது கொடி அவங்களுக்குக் கிடைக்கல. போதும்டா சாமின்னு திரும்பி வர்றப்ப கால்ல எறும்பு கடிச்சிருக்கு. தட்டக் குனிஞ்சிருக்காங்க. கண்ணுக்கு நேரா கொடி!

நர்ஸ்: அதிர்ஷ்டம்தான்.

நடுவர்: எறும்பைத் தட்டின அவசரத்துல கண்ணாடி விழுந்திருக்கு. கொடி கிடைச்ச சந்தோஷத்துல அதை விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. கண்ணாடி இல்லாம பாவம், வாசல் எது ஜன்னல் எதுன்னு தெரியாம தடவிக்கிட்டிருந்தாங்க. சரின்னு தேட நானும் கூடப் போனேன். இப்பத்தான் வர்றேன்.

சர்வேயர்: கண்ணாடி... கிடைச்சுதா சார்?

நடுவர்: கிடைச்சுது. பக்கத்துலயே மண்ணுல கொடிக்கம்பி குத்தின ஓட்டை. புத்தம்புது ஓட்டை. ரெண்டாவது ஓடையில. மூணாவதையும் போய்ப் பாத்தேன். அங்க ஓட்டையே இல்ல. ஊர்ப்பட்ட கால்தடம்தான். எல்லாரும் சரியான இடத்துக்குத்தான் போயிருக்காங்க. கொடிதான் அங்க இல்ல.

சர்வேயர்: சார்...

நடுவர்: பேசி வெச்சு ரெண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்றதைப் பாத்திருக்கேன். பேசி வெக்காம ஒரே இடத்துல ஒரே பொய்யைப் புள்ளியா வெச்சதை இன்னிக்குத்தான் பாக்கறேன். இப்பகூட ஒருத்தரை ஒருத்தர் பாத்துத் திருதிருன்னு முழிக்கறீங்க.

நர்ஸ்: ஏங்க... உங்களுக்குத் தெரியுமா?

சர்வேயர்: அப்ப உனக்குத் தெரியுமா?

நர்ஸ்: நான்தான் முதல்ல கேட்டேன்.

சர்வேயர்: எல்லாரும் கத்தறாங்களேன்னு போய்ப் பாத்தேன். மூணுன்னு நெனச்சு ரெண்டுல நட்டிருக்கேன். சொல்லிடலாம்னுதான் திரும்பி வந்தேன். நீ வாசல்ல போனைக் காதுல வெச்சுக்கிட்டுக் குதிச்சுக்கிட்டிருந்த. நீ அப்படிக் குதிச்சு நான் பாத்ததே இல்ல. அப்படியே காட்டுக்குத் திரும்பிப் போய்க் கொடியைப் பிடுங்கிட்டு வந்துட்டேன்.

நடுவர்: சர்வேயர்!

சர்வேயர்: தப்புதான் சார். பெரிய தப்பு. ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நடுறவன் ஒரு கொடியை ஒழுங்கா நடல.

நர்ஸ்: அதான் வந்ததுலேர்ந்து எப்படி எப்படின்னு துளைச்சீங்களா?

சர்வேயர்: நீ கவனிச்சியான்னு பாக்கத்தான். "மேப்ல போட்ட இடத்துலதான் இருந்துச்சு"ன்னியா... சரி, நீயும் என்னை மாதிரியே தப்பா எண்ணிப் போய் நின்னிருக்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

நர்ஸ்: நான் தப்பா எண்ணினேனா? நானா? சார், நீங்களே கேட்டுக்குங்க!

நடுவர்: இருங்க சிஸ்டர். ரெண்டாவது ஓடைன்னு தெரிஞ்சும் மூணாவதுல ஏன் புள்ளி வெச்சீங்க?

நர்ஸ்: வேற எங்க சார் வெக்கறது? ரெண்டுல வெச்சா இவர் பொழப்பு சிரிப்பா சிரிச்சிடாதா? நாளைக்கு இவர் ஒரு நிலத்தை அளக்கப் போனா, "சார், அந்தக் கொடி மாதிரி நட்டுடாதீங்க"ம்பாங்க.

நடுவர்: உங்க இடமும் போயிடும்.

நர்ஸ்: அதுவும்தான். பொய் சொல்லமாட்டேன் சார்...

நடுவர்: இப்பத்தானே ஒண்ணு சொன்னீங்க?

நர்ஸ்: இனிமே சொல்லமாட்டேன். ஆசைதான் சார். டூட்டி முடிச்சு, தூங்காம, அப்படியே வந்து ஓடிப் பழகியிருக்கேன். கையில கிடைச்சதை விட மனசு வரல. ஆமா... காலையில ஓட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கொடியையும் இன்னொருத்தர் போய்ச் சரிபாக்கணுமே? அது யாரு?

நடுவர்: நான்தான். முட்டி வலி சிஸ்டர். நாலாவதுக்கு மட்டும் ஓடையில இறங்கல. பாலத்து மேல நின்னு எட்டிப் பாத்தேன். செவப்பா தெரிஞ்சுது. சரின்னு எழுதிட்டேன்.

சர்வேயர்: சார்! நீங்களுமா?

நடுவர்: நானும்தான். அதையும் அந்த ரூமுக்குப் போய்ச் சொல்லத்தான் போறேன். அவங்க என்னை என்ன பண்ணப் போறாங்களோ. ஆனா இன்னிக்கு ஓட்டம் செல்லாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற காட்டுல, வேற மேப்ல, எல்லாரும் மறுபடி ஓடணும்.

சர்வேயர்: இவளும் முதல்லேர்ந்தா?

நடுவர்: எல்லாரையும் போலத்தான்.

நர்ஸ்: வார்டுக்கு மறுபடி போன் பண்ணணும்...

சர்வேயர்: நான் பண்றேன். என் தப்புதான்னு நானே சொல்றேன். அழாதம்மா.

நர்ஸ்: யார் அழறா? சேறு கண்ணுல தெறிச்சிடுச்சு.

நடுவர்: இந்த நேரத்துல கேக்கக்கூடாது... ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. தப்பா எண்ணலேங்கறீங்க. எறும்பும் கடிக்கல. இவரும் சொல்லல. கொடி இல்லாத இடத்துக்குப் போய், அது இருக்கற இடத்துக்கு எப்படித் திரும்பினீங்க?

நர்ஸ்: அதை இவர் முன்னாடி கேக்காதீங்க சார்.

நடுவர்: கேட்டே ஆகணும். "வீட்டுலயே சொல்லிட்டார்"ங்கறதுக்கு நான் பதில் சொல்லணுமே.

சர்வேயர்: சொல்லேன். நானும் அதைத்தானே வந்ததுலேர்ந்து கேக்கறேன்?

நர்ஸ்: கோவிச்சுக்கக் கூடாது. மூணாவது ஓடைக்குத்தான் சார் நேரா போனேன். பாறை இருந்துச்சு, கொடி இல்ல. மத்தவங்க மேப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் மடிச்சு வெச்சுட்டேன். மேப்பும் சரி, நானும் சரி, அப்ப தப்பு இவர் மேலதான். எங்க வீடு மூணாவது மாடி. இவர் களைச்சு வந்தார்னா தரைத்தளத்தையும் ஒண்ணுன்னு எண்ணிடுவார். ரெண்டாவது மாடி வீட்டுக் கதவுல சாவியைப் போட்டு ஆட்டிக்கிட்டே நிப்பார். அந்த வீட்டு அக்கா உள்ள இருந்தே "இன்னும் ஒரு மாடி ஏறுங்க தம்பி"ன்னு குரல் குடுப்பாங்க. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிப் போனவர், தூக்கக் கலக்கத்துல பாலத்துக்கு அடியில போற ஓடையையும் சேத்து எண்ணியிருப்பார்னு தோணுச்சு. ஒரு ஓடை பின்னால வந்தேன், கொடி நின்னுச்சு. புகார் குடுத்தவங்ககிட்ட சொல்லிடுங்க சார், அவங்க சொன்னதும் ஒரு விதத்துல சரிதான், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் எனக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கார். அடுத்த வாரம் கொடி நட வேற ஆளைப் பாருங்க. இவர் நட்டா எனக்கு மேப்பே வேண்டாம், அது மத்தவங்களுக்கு நியாயமில்ல.