வியாழக்கிழமை கருகாத பால்

கண்ணாடி மேல்தட்டு வைத்த மின்சார அடுப்பில் பால் கருகிப்போனால் பதறிப்போய் ஈரத்துணியைப் போடக் கூடாது, டாக்டரம்மா. முதலில் நன்றாக ஆறவிட வேண்டும். பிறகு சமையல் சோடாவைத் தூவி, மேலே கொஞ்சம் வினிகர் தெளித்து, வெந்நீரில் பிழிந்த துணியைப் போர்த்திவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை. அதன்பின் பிளேடைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தள்ளினால் கருகல் ஏடு ஏடாக வந்துவிடும். இரும்பு நாரை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருடமாக அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவன் நான்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்பதாவது வரியைக் கேட்கிறீர்கள். 'வியாழன், காலை ஏழு மணி, அக்கா அடுப்பை அணைக்க மறந்தாள், பால் கருகியது.' அன்று காலை அக்கா வீட்டிலேயே இல்லை. முந்தின நாள் டியூட்டிக்குப் போனவள், மாற்று ஆள் வராததால் மறுநாள் மதியம்வரை மருத்துவமனை மருந்தகத்திலேயே நின்றிருக்கிறாள். வருகைத்தாளை வரவழைத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைப்பது எனக்கும் பிடிக்காது.

அப்பா அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு என்னை ஆளாக்கினாள். நாற்பது வருடம் ஒரே வீடு, ஒரே சமையலறை. போன வருடக் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு ஊரில் பெரிய மருத்துவமனை, மருந்தகம் முழுக்க அவள் பொறுப்பில், தங்க வீடும் உண்டு. அடுப்படியில் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள். பால் பொங்கி வழிந்து கருகும்வரை அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தடவை நிஜமாகவே மறந்தாள். சந்தோஷத்தில் மறந்தாள்.

நான் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று சிரித்தவள், "நீயும் வளந்துட்டே, ஐம்பதாகப் போவுது. இனிமேலாவது என்னைக் கொஞ்சம் விடுடா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஒற்றை ஆளாக அந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று ஒரு நிமிடம்கூட அவள் யோசித்திருக்கவில்லை.

அவள் காலையில் பாலைக் காய்ச்சி அணைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். நான் அடுப்பை மறுபடி போட்டுவிடுவேன். அவ்வளவுதான் வேலை. கருகியபின் குளியலறைக் கதவைத் தட்டிக் கூப்பிடுவேன். ஈரத் தலையோடு ஓடிவந்து, அணைச்சேனே, அணைச்சேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். விடுக்கா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் என்பேன். ஒரு தடவைகூட நான் குரலை உயர்த்தியதில்லை. பொறுமையாகச் சுரண்டுவேன். அவள் வாசற்படியில் நின்று, பரீட்சையில் தோற்ற பிள்ளைபோல, பிளேடு போய் வருவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பால், ஒரு நாள் சூப். ஒரே மாதிரி நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஆனால் அக்கா லேசுப்பட்டவள் இல்லை. அணைத்த பிறகும் கண்ணாடி சூடாக இருந்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது அணையும்வரை காவல் நின்று, போனில் படம் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். ஆகவே அவள் இல்லாத நேரத்தில் அடுப்பைத் திறந்து அந்த விளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. மறுநாள் விளக்கு எரியவில்லை, ஆறிவிட்டது என்று நினைத்து உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். அதை நான் திட்டமிடவில்லை, தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மருந்து போட்டுக் கட்டியதும் நான்தான். கட்டும்போது, "வெளக்கு எரிஞ்சிருக்கும்டா. நான்தான் கவனிக்கல" என்றாள்.

அன்று சாயங்காலமே பெரிய மருத்துவமனைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாள். இருக்கிற வேலையையும் விடப்போவதாகச் சொன்னாள். மாத்திரை மாறிப்போனால் ஒரு உயிர் போய்விடும், தன்னை நம்பி இனி யாரும் சீட்டைக் கொடுக்கக் கூடாது என்றாள். மேலதிகாரிதான் விடவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தவறுகூடக் கிடையாது, டாக்டர் சான்றிதழ் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று அடம்பிடித்தார். அதனால்தான் உங்களிடம் வந்தோம். நடந்ததையும் இனிமேல் நடப்பதையும் தேதி போட்டு எழுதிவரச் சொன்னீர்கள். நானும் எழுதினேன்.

அங்கேதான் சறுக்கினேன். எங்கள் தொழிலில் மறுநாள் பார்க்க வேண்டிய வீடுகளுக்கெல்லாம் முதல் நாளே அட்டை எழுதி வைத்துவிடுவோம், என்ன கோளாறு, என்ன செய்தோம் என்பதுவரை. வேலை தள்ளிப்போனால் அட்டையைக் கிழித்துப் போடுவோம். அந்தப் பழக்கத்தில் புதன்கிழமையே வியாழனை எழுதிவிட்டேன். காலையில் அக்கா வரவில்லை. வரியை அடிக்க மறந்துவிட்டேன். மறதி எனக்குத்தான் என்று நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை.

பட்டியலில் பன்னிரண்டு வரி இருக்கிறது. முதல் வரி அவளுடையது. ஒன்பதாவது நடக்கவே இல்லை. மீதிப் பத்தும் என் கை வேலை.

அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டுச் சொல்லுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்லி முடித்ததும் அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். கதவைப் பூட்டினேனா, சாப்பிட்டேனா, இன்றைக்கு என்ன கிழமை என்று நாலு மாதமாக எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் நம்புகிறாள். "இவங்க சொல்றது நெஜமாடா?" என்று கேட்பாள். நான் இல்லையென்று தலையாட்டினால், என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள். பாவம், டாக்டரம்மா, என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?