முப்பது எண்ணும்வரை

இந்த ஸ்டேஷன் அறை ஏசியில் கேஸ் குறைந்திருக்கிறது மேடம். காற்று வருகிறது, ஈரம் இறங்கவில்லை. பத்தொன்பது வருடமாக மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஏசி ரிப்பேர் பார்க்கிறேன். காற்றில் எவ்வளவு ஈரம் என்று மூக்கே சொல்லிவிடும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். விட்டால் கம்ப்ரஸர் போய்விடும்.

என் பெயர் செம்பியன், வயது நாற்பத்து மூன்று. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. மனைவி தமிழ்மொழி என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுக்கு வெண்புள்ளி. இடது கன்னத்தில் ஒன்று, தாடையில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. தொற்றாது, வலிக்காது. ஆனால் ஆதம்பாக்கத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். நான் குடித்தேன். இந்த மனசு யாருக்கு வரும் என்று கல்யாணப் பந்தியில் என் காதுபடப் பேசினார்கள். ஒன்பது வருடமாக அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொள்ளவில்லை. குடியில்லை, கை நீட்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் முகத்தைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுவேன், அவர்கள் சங்கடப்படக் கூடாது என்று.

கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப்போனதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடையாறில் தோல் டாக்டர் வைதேகியின் கிளினிக் ஏசியை நான்தான் பார்க்கிறேன். அவர் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். நகத்தளவு பேட்ச், அதன் அடியில் ஹைட்ரோஜெல்லில் செய்த கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். காய்ந்திருந்தால் கெட்டியாகத் தோலுக்குள் இறங்கும். உள்ளே போய் உடம்பின் ஈரத்தைக் குடித்து ஊதும், மருந்து மெல்ல இறங்கும். வாரம் மூன்று முறை வீட்டிலேயே வைத்து, கட்டைவிரலால் அழுத்தி முப்பது எண்ண வேண்டும். உறைக்குள் ஈரம் இழுக்க நீல மணிப் பொட்டலம் ஒன்று இருக்கும். ஈரம் ஏறினால் மணி ரோஸாகும். காலி உறையையும் பொட்டலத்தையும் வாராவாரம் திருப்பித் தர வேண்டும். பேட்ச் நமுத்துப்போகக் கூடாது என்றார் டாக்டர். தோலில் கீறல் படவே கூடாது, காயம் பட்ட இடத்தில் புதிதாக வெள்ளை வரும் என்றும் சொன்னார்.

காதுக்குப் பின்னால் இருப்பது அவள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் நானே வைத்துவிட்டேன். ஐந்தாவது வாரம் கன்னத்து வெள்ளைக்குள் மிளகுத்தூள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளிகள் வந்தன. அவள் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. தி.நகர் புடவைக் கடையில் அவளுக்கு மேல்மாடியில் மடிப்பு வேலை, வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாத இடம். "மூஞ்சி சரியாச்சுன்னா தீவாளிக்கு கீழ கவுண்ட்டர்ல நிக்கலாம்னு மேனேஜர் சொல்ட்டாரு மாமா" என்றாள்.

மறுநாள் கீழே மீன் விற்கும் முனியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நைனா, பொண்டாட்டி மூஞ்சி தெளிஞ்சிக்கினு வருது. இனிமே ஜோடி சேத்துப் பாத்தா நீதான் ஒரு மாத்து கம்மி." மீன் வாங்க நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தரையும் எனக்குப் பிடிக்காது.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் ஜன்னலைத் திறந்ததுதான். அவள் குளிக்கப் போனதும் உறையைப் பிரித்து, பேட்சைக் கடல் பக்கத்து ஜன்னலில் வைப்பேன். எங்கள் ஏரியாக் காற்றுக்குக் கொஞ்ச நேரம் போதும், ஊசிகள் நமுத்த அப்பளமாகிவிடும். மணிகளும் ரோஸாகும். அவள் வேலைக்குப் போனபின் அவற்றை வாணலியில் வறுத்தால் பழையபடி நீலம்.

இரண்டு வாரம் கழித்து அவள் கேட்டாள். "இன்னா மாமா, இப்பல்லாம் சுருக்குன்னே இல்ல? மருந்து ஏறுதா இல்லியா?"

நியாயமான கேள்வி. அவள் மனம் சோர்ந்துபோவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஏசித் தகடு தேய்க்கும் கம்பி பிரஷில் நகத்தளவு வெட்டியெடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் அதை வைத்து அழுத்துவேன், பிறகு பேட்ச். பரவாமல் இருக்க என்று சொல்லி நெற்றியிலும் வலது கன்னத்திலும் அழுத்தினேன். ஒவ்வொரு இடத்திலும் முப்பது. எண்ணிக்கையில் நான் ஏமாற்றியதே இல்லை. அவள் கண்ணோரம் நீர் வழியும். "நல்லா அழுத்து மாமா, வலிச்சாத்தான் ஏறும்" என்பாள். அழுத்தினேன். ரத்தப் பொட்டுகளைப் பஞ்சால் நானே துடைத்துவிடுவேன்.

நெற்றியில் வெள்ளை வந்தது. வலது கன்னத்திலும் வந்தது. தீபாவளி வந்து போயிற்று, அவள் மேல்மாடியிலேயே இருந்தாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். நீ எப்படி இருந்தாலும் எனக்குப் போதும் என்றேன், என் தோளில் சாய்ந்து அழுதாள். எங்கள் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது பதினொரு வாரம் தாங்கியது. போன செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் எல்லா நோயாளிகளின் பொட்டலங்களையும் மேஜையில் பரப்பினார். மந்தைவெளி, ராயப்பேட்டை, பெசன்ட் நகர், எல்லாம் ரோஸ். "பிரிச்ச உறை வீட்டுல கிடந்தா இப்படித்தான் ஆகும். கடலோரத்துல இருக்கறவங்க நீங்க. உங்க பொட்டலம் மட்டும் எப்படி சார் இவ்வளவு நீலமா இருக்கு?" என்றார். தொழில் தெரிந்தவன் செய்கிற தப்பு அது. கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக வேலை பார்த்துவிட்டேன்.

"நம்ம வாணலில ஒரு நீல மணி கெடந்துதே மாமா" என்றாள் தமிழ்மொழி, மெதுவாக. என் காலடியில் இருந்த டூல் பையைத் திறந்து துழாவினாள். பிரஷ் துண்டு கையில் வந்தது. கண்ணை மூடி, தன் முன்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். அந்தச் சுருக்கு அவளுக்குத் தெரியும்.

"நல்லா அழுத்துன்னு நான் சொன்னப்போ உனுக்கு இன்னா தோணுச்சு?" அவ்வளவுதான் கேட்டாள். என்னை எவ்வளவு நம்புகிறாள் என்று தோன்றியது. அதையே சொன்னேன்.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். டாக்டர் முதலிலிருந்து வைத்தியம் ஆரம்பிக்கப் போகிறாராம். காதுக்குப் பின்னால் அவள் கண்ணுக்குத் தெரியாது. இனி பேட்ச் வைக்கப்போகிற அவள் அம்மாவுக்குப் பொறுமை கிடையாது, இருபதுக்கு மேல் எண்ண மாட்டாள். வாரம் மூன்று நாள் மட்டும் என்னை விட்டால் போதும் மேடம். அவள் வேறு யாரிடமும் முகத்தைக் கொடுக்க மாட்டாள்.