உள்பக்கத் தாழ்ப்பாள்

எனக்கு வயது முப்பத்தொன்று. என் பெயர் வெளியே தெரிய வேண்டாம், தற்போது தங்கியிருக்கும் முகவரி என் கணவருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால், அவை தனி உறையில் ஒட்டி வைக்கப்பட்டுள்ளன. ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் மரச்சாமான் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை.

என் கணவர் குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். தங்கமான மனிதர் என்று இரு வீட்டாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். கல்யாணமான முதல் வருடத்தில் என் கைபேசியை அவர் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் யாரோடு பேசலாம், எந்தப் பக்கமாக நடந்து வீடு வர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அதன் பிறகு ஒரு நாள் பட்டறையிலிருந்து திருப்புளி கொண்டுவந்து, குளியலறையிலும் படுக்கையறையிலும் உள்பக்கம் இருந்த தாழ்ப்பாள்களைக் கழற்றினார். "நமக்குள்ள எதுக்கு தாழ்ப்பாள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள்கள் அப்படியே இருந்தன.

அதற்குப் பின் வந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல இயலவில்லை. வீட்டுக்குள் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல நடந்தேன். பாத்திரம் வைத்தால் சத்தம் வராமல் வைத்தேன். சலவைப் பிரிவில் மட்டும் ஆவி எழும்பி எல்லோர் முகமும் மறைந்துபோகும். உலர்த்தியிலிருந்து வரும் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பி மெல்ல இறங்கும். அவற்றை மடிக்கும்போது என் கைகளை வேறு யாருடைய கைகளோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே இஸ்திரி போடும் அக்கா ஒருவர் உண்டு. ஒரு நாள் நான் அவரிடம் போய், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் எனக்கு மேலதிகாரி இல்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "குழாய் அங்க இருக்கு, வாய் உன்கிட்ட இருக்கு. என்னைய ஏம்மா கேக்கற?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டிலும் கேட்டுத்தான் குடிப்பாயா என்று தணிந்த குரலில் விசாரித்தார். நான் விரிப்பு மடிக்கத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு அந்த அக்கா, பெண்கள் உதவி மையத்தின் எண்ணைத் தன் கைபேசியில் போட்டு என்னிடம் கொடுத்தார். பேசினால் ஒன்றும் குறைந்துபோய்விடாது என்றார். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினேன். மறுமுனையிலிருந்த பெண், வீட்டில் எதைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று கேட்டார். நெடுநேரம் யோசித்து, என் கணவர் செருப்புக் கழற்றும் சத்தம் என்று சொன்னேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் அடித்ததில்லையே என்றும் சொன்னேன். அதற்கு அந்தப் பெண், "அடிக்காம இருந்தாலும் இதுக்கும் வன்முறைன்னுதாம்மா பேரு" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு தண்ணீர் குடித்தேன். யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் அம்மா வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் கூறினேன். கேட்கவில்லை, கூறினேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குக் கோவமே வரல. உனக்குத்தான் கொஞ்சம் ஓய்வு தேவைப்படுது" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் படுக்கையறைக்குள் விட்டு, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

நான் தரையில் படுத்தேன். திரைச்சீலை வழியாக வெயில் வந்து சுவரில் மெல்ல நகர்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி அலசினார்கள். அறை முழுவதும் வெள்ளை விரிப்புகள் இறங்கிக்கொண்டே இருந்தன. நான் மடிக்க மடிக்க அவை தீரவில்லை. அந்த நேரத்தில் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று உறுதியாகக் கூற இயலாது.

மதியம் என் நாத்தனார், அதாவது கணவரின் மூத்த சகோதரி, வந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கும். அவர் தம்பி பக்கம்தான் நிற்பார் என்று நினைத்து, அவர் கூப்பிட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அவர் தாழ்ப்பாளை நீக்கி உள்ளே வந்தார். கதவின் உள்பக்கம் திருகாணி இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா ரூம் கதவுலயும் இதே மாதிரி ஓட்டை இருந்துச்சு. கரையான் அரிச்சதுன்னு அப்பா சொல்வார். நானும் இத்தன வருஷமா கரையான்னே நெனச்சிட்டிருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவரே அலமாரியைத் திறந்து என் துணிகளைப் பையில் எடுத்து வைத்தார்.

படியில் இறங்கும்போது என் கணவர் எதிரே வந்தார். எனக்கு உடம்பு சரியில்லை, வெளியே அழைத்துப் போகக்கூடாது என்று தன் சகோதரியிடம் பணிவாகச் சொன்னார். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வழிய விடு தம்பி" என்றார். என் கணவர் சுவரோரம் ஒதுங்கினார். அவர் சட்டையிலிருந்து மரத்தூள் வாசனை வந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். அங்கிருந்து நேராக உதவி மையத்துக்குப் போனோம்.

இத்தனை நாள் ஏன் புகார் செய்யவில்லை என்று, இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரி கேட்டார். அடி விழுந்தால்தான் புகார் செய்யலாம் என்று நினைத்திருந்தேன் என்று கூறினேன். கணவர் என்னைத் தேடி வராமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவு வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே சொன்னவை என் வாயால் நானே சொன்னவை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கையொப்பம் இடுகிறேன்.

அதிகாரியின் குறிப்பு: சாட்சியாகக் கையெழுத்திட்டவரிடம், என்ன உறவு என்று எழுதுவது, பாதிக்கப்பட்டவரின் நாத்தனார் என்று போடலாமா என்று கேட்கப்பட்டது. அவர், "அவனோட கூடப்பிறந்த அக்கான்னே எழுதுங்க" என்று கூறியதால் அவ்வாறே எழுதப்பட்டது.