சிவப்பு வண்டியை நான் எங்கே விட்டேன் என்பது குறித்து

என் பெயர் லாயிட் கிட்டோ. வயது ஐம்பத்து மூன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் வில்கரா ஊரில், மெயின் தெருவில் என் இறைச்சிக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் என் மனைவி கிளெனிஸுடன் வசித்து வருகிறேன். கடை எனக்குச் சொந்தமானது. மேலும் நான் இவ்வூர் வியாபாரிகள் நடத்தும் ‘நம்ம ஊரிலேயே வாங்குவோம்’ கமிட்டியின் தலைவராக இருந்து வருகிறேன். இந்தக் கடைசி விவரம் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டது.

கடந்த செவ்வாய்க்கிழமை இதே காவல் நிலையத்தில், இதே சீனியர் கான்ஸ்டபிள் ரேச்சல் மக்கே அவர்கள் முன்பாக, காணாமல்போன சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் பற்றி நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். அந்த வண்டி காணாமல்போனதில் நோரீன் ஷுல்ட்ஸுக்கோ அவர் தம்பி டேரன் ஷுல்ட்ஸுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைச் சொல்ல நானே விரும்பி வந்திருக்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. என் மனைவி காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் பாதியில் மனம் மாறி வெளியே வந்துவிடாதபடி நிலையத்தின் வாசலை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். அதை வற்புறுத்தல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேற்படி வண்டி எங்கள் ஊர் ஸ்ட்ராஹன் மோட்டார்ஸ் கடையில் இரண்டு மாதமாக நின்றுகொண்டிருந்தது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை. விவசாயத்துக்கான பிக்கப் வண்டிகளுக்கு நடுவே அது கல்யாணத்துக்கு வந்த இடத்தில் வழி தவறி மாட்டுத் தொழுவத்தில் நிற்கிற பெண்ணைப் போல இருந்தது. நான் தினமும் அந்த வழியாகத்தான் நடப்பேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வண்டி வந்த பிறகு நான் நடப்பது அதிகமானதைப் பார்த்து கிளெனிஸ் என் உடம்பைப் பற்றிச் சந்தோஷப்பட்டார்.

கடைக்காரர் மெர்வின் ஸ்ட்ராஹன் என் நண்பர். அங்கே விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் நோரீன் என்னோடு பள்ளியில் படித்தவர். ஆனாலும் வண்டியை மெர்வினிடம் வாங்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அடிலெய்டில் இதே வண்டியை இன்னும் குறைவாகத் தருவதாக இணையத்தில் பார்த்திருந்தேன். ஆகவே இங்கே ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் அங்கே வாங்குவது, ஊரில் யாராவது கேட்டால் மைத்துனர் கொடுத்த பரிசு என்று சொல்லிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு மைத்துனர் கிடையாது. அதை அப்போது யோசிக்கவில்லை.

இதே நான்தான் போன வருடம் அடிலெய்டில் திரைச்சீலை வாங்கிவந்த சலூன்காரப் பெண்மணியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். என் வாடிக்கைக்காரர் பெக் ஹாஃப்மன் நகரத்து சூப்பர் மார்க்கெட் பையோடு என் கடைக்குள் வந்தபோது, பத்துப் பேர் முன்னால் அந்தப் பையைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்தேன். இவை வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி இரண்டாம் முறையாகச் சொன்னார்.

கடந்த சனிக்கிழமை காலை நான் ஸ்ட்ராஹன் மோட்டார்ஸுக்குப் போனேன். மெர்வின் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நோரீன் மட்டும் இருந்தார். ஓட்டிப் பார்க்க வருகிறவரின் லைசென்ஸை வாங்கி நகல் எடுத்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்து, தானியக் கிடங்கு வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது கடையின் விதி. ஆனால் ஊர்க்காரர் யாருக்கும் எவரும் அந்த விதியைச் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கும் முகத்திடம் லைசென்ஸைக் காட்டு என்றால் அது சண்டைக்கு இழுப்பது மாதிரி. நோரீன் சாவியை மேசைக்கு மேலாக என்னிடம் எறிந்தார்.

“நிதானமா ஓட்டிட்டு வா. பன்னண்டு மணிக்குப் பூட்டிருவேன். அதுக்குள்ள வரலைன்னா வாசல்ல விட்டுட்டுப் போ,” என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “உள்ள போறது சுலபம். வெளிய வரத்தான் ஆள் வேணும்,” என்றும் சொன்னார். இது பிற்பாடு உண்மை என்று தெரிந்தது.

அதன் பிறகு நான் தானியக் கிடங்கு வரை ஓட்டினேன். அங்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கூரை மடங்கியிருந்தது, சாலை காலியாக இருந்தது, எனக்கு மறுபடி முப்பது வயதாகியிருந்தது. அதன் பிறகு சுற்றுவழியாக ஊருக்குள் வந்து என் கடைப் பக்கம் ஒதுங்கி, குளிர்பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் சாசேஜ் எடுத்துக்கொண்டேன். பேரம் பேசப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவது எனக்குப் பழக்கமில்லை. அதன் பிறகு மெர்வினின் வண்டியிலேயே அடிலெய்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் வண்டியையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் சரியாகத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தோன்றிய நியாயம்.

அடிலெய்ட் கடையின் பெயரையும் முகவரியையும் அதிகாரி தனியாகக் குறித்துக்கொண்டார். அங்கே முன்வரிசையில் இதே மாதிரி, இதே சிவப்பில் மூன்று வண்டிகள் நின்றன. நான்காவதாக நான் நிறுத்தினேன். கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் வெளியே வர முடிந்தது. சாவியை இருக்கைக்கு நடுவே கோப்பை வைக்கும் குழியில் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கியபடியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

இதை ஏன் செய்தேன் என்று அதிகாரி கேட்டார். வில்கராவில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். சாவி வண்டியிலேயே இருக்கும். வழியை மறித்தால் யாராவது ஏறி நகர்த்தி வைப்பார்கள். என் வேன் ஒருமுறை தேவாலய வாசலில் காணாமல்போய் பாதிரியார் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அவர் மர அலமாரி ஏற்றப் போயிருந்தார். ஆகவே அதிகாரி கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், நான் யோசிக்கவே இல்லை என்பதுதான்.

உள்ளே ஒரு இளைஞர், கூர்மையான ஷூ போட்டவர், எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். என்னை ஐயா என்றார். வில்கராவில் என்னை யாரும் ஐயா என்றதில்லை. நான் இதே அடிலெய்டில்தான் குடியிருப்பதாகவும் டாக்ஸியில் வந்ததாகவும் சொன்னேன். நான்காவது வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு கடையின் வண்டியில் விலை பேச வந்தவன் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் பேசிவிட்டு வெளியே வந்து பார்த்தபோது முன்வரிசையில் மூன்று வண்டிகளே இருந்தன.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். கடைப் பையன் ஒருவர் ஒரு தம்பதியை ஓட்டிப் பார்க்க அனுப்பியதாகச் சொன்னார். நான் காத்திருந்தேன். கடை மூடும் வரை முன்வாசல் வழியாக எந்தச் சிவப்பு வண்டியும் திரும்பி வரவில்லை. கூர்மையான ஷூக்காரரிடம் நைசாக விசாரித்ததில், “எங்க வண்டி எல்லாம் உள்ள வந்தாச்சு ஐயா,” என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டாக்ஸியில் வந்தவன், அடிலெய்டுக்காரன் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுப்பதைவிடப் பஸ்ஸில் ஏறுவது சுலபமாக இருந்தது. ஏறிவிட்டேன். கிளெனிஸிடம் மீன் பிடிக்கப் போயிருந்ததாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை நோரீன் போன் செய்து வண்டியைக் கேட்டார். நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. வாய் தானாகப் பேசியது. சனிக்கிழமை மத்தியானமே வாசலில் நிறுத்திவிட்டு, கதவில் இருக்கும் கடிதத் துவாரம் வழியாகச் சாவியை உள்ளே போட்டுவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் சரி என்று போனை வைத்துவிட்டார். அதையே செவ்வாய்க்கிழமை இங்கேயும் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் என் கடைக்குள் நின்றபடியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் கடையில் எல்லாமே தெரியவரும். சாவி கதவுக்குள் விழுந்திருந்தால் அதை எடுத்திருக்கக் கூடியவர் நோரீன் ஒருவரே என்று பேசினார்கள். அவர் தம்பி டேரன் அந்தக் கடையில் வண்டி கழுவுகிறவர், பத்தொன்பது வயதில் பக்கத்து ஊரில் ஒரு வண்டியை எடுத்து ஓட்டித் தண்டனை பெற்றவர் என்பதை எல்லோரும் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். டேரனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. நகல் எடுக்காமல் சாவி கொடுத்ததற்காக மெர்வின் நோரீனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். டேரனின் பிக்கப்பைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அவரைத் தினமும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

இன்னொரு பக்கம் ஊர் முழுக்க வண்டியைத் தேடியது. பண்ணைக்காரர்கள் நான்கு சக்கர பைக்கில் ஒவ்வொரு குட்டையாகப் போய் எட்டிப் பார்த்தார்கள். மருந்து தெளிக்கும் விமானத்தை ஒருவர் சும்மாவே இரண்டு சுற்று ஓட்டினார். கடைசியாக வண்டியை ஓட்டியவன் என்பதால் எனக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று கருதி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பெக் ஹாஃப்மன் தேங்காய்த்தூள் பூசிய லாமிங்டன் கேக் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். நான் அதைச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதை எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

நேற்று பிற்பகல் என் கடைக்கு அடிலெய்டிலிருந்து போன் வந்தது. கூர்மையான ஷூக்காரர்தான். அவர்கள் கடையின் பின்முற்றத்தில் ஒரு வண்டி கூடுதலாக இருக்கிறதாம். சனிக்கிழமை அந்தத் தம்பதி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முகப்புக் கண்ணாடியில் விலைப்பலகைகூட மாட்டிவிட்டார்களாம். வெயிலில் நாற்றம் தாங்காமல் திறந்து பார்த்ததில் இருக்கைக்கு அடியில் என் கடைப் பெயரும் போன் எண்ணும் அச்சடித்த பொட்டலம் இருந்திருக்கிறது.

அப்போது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. இரண்டாவதாக வந்தது, ரகசியமாகப் போய் வண்டியை எடுத்து வந்து யாரும் பார்க்காத நேரத்தில் ஊருக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்ற யோசனை. வண்டி கிடைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் எடுத்தது என்று பேசுவது மட்டும் அடங்காது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று காலை கடை திறந்தவுடன் நோரீன் வந்தார். கடையில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டுக்காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் எலும்போடு வெட்டிய ஆட்டுச் சாப்ஸ் இரண்டு மட்டும் கேட்டார். நான் நிறுத்துச் சுற்றினேன். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“லாயிட், நீ பொறந்ததுலேருந்து ஒரு வண்டிச் சாவியை வண்டியை விட்டு வெளிய எடுத்ததில்ல. துவாரத்துல போட்டேன்னு சொல்றியே.”

நான் சில்லறை எடுக்கக் கல்லாப் பக்கம் திரும்பினேன்.

“இதை நான் போலீஸ்ல சொல்லல. நீயே போய்ச் சொல்லுவேன்னு திங்கக்கிழமைலேருந்து பாத்துட்டு இருக்கேன். டேரனை இப்ப மறுபடி கூப்பிட்டுப் போயிருக்காங்க. காலைல சாப்பிடாமப் போனான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, பின்கட்டில் இருந்த கிளெனிஸிடம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “மீன் பிடிக்கப் போனதா சொன்னப்பவே நினைச்சேன். உன் கையில மீன் வாசமே இல்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடாமல் நேரே வண்டியில் ஏறினார்.

பொய் வாக்குமூலம் கொடுத்தது குற்றம் என்று அதிகாரி எனக்கு விளக்கினார். புரிந்துகொண்டேன். மெர்வினிடமும் கமிட்டியிடமும் நானே சொல்கிறேன். கமிட்டித் தலைவர் பதவியை விட்டு விலகுவது பற்றி இங்கே எழுதத் தேவையில்லை என்று அதிகாரி மூன்றாம் முறையாகச் சொன்னார். நோரீனுக்கு வேலை திரும்பக் கிடைக்க இந்த வாக்குமூலத்தின் நகலை மெர்வினிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி எழுந்துபோய் உள்ளறையில் இருந்த டேரனிடம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். டேரன் வெளியே போகும் வழியில் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு அருகில் நின்றார். அறை சிறியது, சுவர் மெல்லியது. நான் சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் லாயிட். மூணு நாளா அதை எப்பிடி ஓட்டுன, எங்க ஓட்டுனன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் அதை வெளியிலதான் கழுவியிருக்கேன், உள்ள உக்காந்ததுகூட இல்ல. எப்பிடி இருக்கும்?”

நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போனார். அவருடைய பிக்கப் இன்னும் சோதனையில் இருப்பதால் வெளியே நின்ற என் மனைவி அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னது எனக்குக் கேட்டது. வேண்டாம், அக்கா வருவாங்க, நடந்து போறோம் என்று அவர் சொன்னதும் கேட்டது.

இந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்து, மேலே உள்ளவை அனைத்தும் என் வாயால் சொன்னவை. அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இம்முறை மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

(ஒப்பம்)
லாயிட் கிட்டோ
வில்கரா காவல் நிலையம்

என் முன்பாகக் கையெழுத்திடப்பட்டது:
சீனியர் கான்ஸ்டபிள் ரே. மக்கே